அருவி இரைச்சலிலும் காது கேட்ட ஹவில்தார்

சோப்புப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நானே முனகிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

குற்றாலம் பேரருவி அன்றைக்கு நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. சாரல் காலத்தின் நட்டநடு. மலைமேல் இரவெல்லாம் மழை பெய்திருந்தது. அருவிக்குக் கீழே நின்றால் பாறை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. தலையைக் கொடுத்து நன்றாக அடிவாங்கிவிட்டு ஓரமாக ஒதுங்கி, முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற என் கம்பவுண்டர் கோமதிநாயகம் என் காதருகே வாயைக் கொண்டுவந்து ஏதோ கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. வார்த்தை ஒன்றும் தெரியவில்லை. “என்னவே?” என்று நானும் கத்தினேன். அவருக்கும் கேட்கவில்லை. இருவரும் எல்லாம் புரிந்தவர்கள்போலத் தலையாட்டிக்கொண்டோம்.

கொஞ்சம் தள்ளி, ஒரு பாறையில் சாய்ந்தபடி ஹவில்தார் சங்கரபாண்டியன் நின்றிருந்தார். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் முனகிய மாத்திரத்தில் குனிந்தார். பாறை இடுக்கில் நான் செருகிவைத்து மறந்துபோன சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

நானும் வாங்கிக்கொண்டேன். கையிலும் கழுத்திலும் தேய்க்கவும் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் கை தானாக நின்றது.

நான் முனகியது என் காதிலேயே விழவில்லையே, இந்த மனிதருக்கு எப்படிக் கேட்டது?

அந்தக் கேள்விக்கு வருமுன், பட்டாளத்து ஹவில்தாரோடு நான் ஏன் அருவியில் நின்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். என் பேச்சு ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும் என்பது, இத்தனை வாரமாக இதைச் சகித்துக்கொண்டு படித்துவரும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பாதி டாக்டர், பாதி பட்டாளம்

பர்மாப் பக்கம் யுத்தம் மும்முரமாக நடந்த காலம். பட்டாளத்துக்கு டாக்டர்கள் போதவில்லை. ஊரை விட்டு வர முடியாத என் போன்றவர்களை ரிசர்வில் சேர்த்துக்கொண்டு, உள்ளூர்ப் பக்கமே வாரத்தில் சில நாள் வேலை கொடுத்தார்கள். தென்காசியில் ரத வீதிக்குப் பக்கத்தில் எனக்குச் சின்னதாக ஒரு வைத்தியசாலை இருந்தது. மற்ற நாட்களில் அங்கே வேட்டி சட்டையோடு காய்ச்சலும் சிரங்கும் பார்ப்பேன். பட்டாளத்து நாட்களில் காக்கி மாட்டிக்கொண்டு குற்றாலம் போய்விடுவேன்.

அந்தக் காக்கியைத் தைத்தவர் எங்கள் ஊர் டெய்லர். வக்கீல்களுக்குக் கோட்டு தைத்துப் பழகிய கை. பட்டாளச் சட்டைக்கும் உள்பை வைத்துவிட்டார். “மருந்துப் புட்டி வைக்கத் தோதா இருக்கும்லா” என்று என்னைச் சமாதானம் செய்தார். முதல் நாள் நான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தபால்காரர் மாதிரி இருக்கிய” என்றாள். என் வீரம் அத்தோடு இறங்கிவிட்டது.

ஆனால் ஊருக்குள் அந்த உடுப்புக்கு மதிப்பு இருந்தது. எட்டு வருஷமாக என் மருந்தை வாங்கிப் பாதியைக் கொட்டிவிடும் ஒரு வெல்ல வியாபாரி, காக்கியில் என்னைப் பார்த்த அன்றைக்கு என் கண் முன்னாலேயே முழுப் புட்டியையும் குடித்துவிட்டார். நாலு வேளைக்கான மருந்து அது. அன்று மாலை வரை அவரைப் படுக்கவைத்து நான்தான் காவல் இருந்தேன்.

குற்றாலத்துக்குக் கரி பஸ்ஸில் போவேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு உலையைக் கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓட்டிய காலம். கண்டக்டர் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி உலையை ஊதுவார். என் காக்கி மேலகரம் வருவதற்குள் பாதி கறுப்பாகிவிடும். மேலகரம் தாண்டியதும் காற்று மாறும். குளிர்ந்த ஈரம் வந்து முகத்தில் படும். மற்றவர்களைப்போல நானும் பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பேன்.

மலையடிவாரத்தில் பெரிய மனிதர்கள் சீசனுக்கு வந்து தங்கும் சில பங்களாக்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, காயம் ஆறிய சிப்பாய்கள் உடம்பு தேறுவதற்கான முகாமாக ஆக்கியிருந்தது. அவர்கள் தேறிவிட்டார்களா என்று பார்ப்பது என் வேலை. மதுரையிலிருந்து மேஜர் துரை ஒருவர் அவ்வப்போது வருவார். நான் சொல்வதைக் கேட்டு, இவன் மறுபடி போர்முனைக்கு, இவன் வீட்டுக்கு என்று தீர்ப்புச் சொல்வார்.

முதல் வாரம் அவர்களைப் பரிசோதித்தபோது ஒவ்வொருவர் குறிப்பையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வயிற்றில் புகுந்த இரும்புத் துண்டு முதுகு வழியாக வெளியே வந்த ஒருவர், உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் சதை பாதி போன பையன் கபடி ஆடலாமா என்று கேட்டான். மனித உடம்பைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். அது இவ்வளவையும் தாங்கும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. சில நாள் ஸ்டெதாஸ்கோப்பை ஒருவர் நெஞ்சில் வைத்துவிட்டு, வேலை முடிந்த பிறகும் எடுக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அச்சன்புதூர்க்காரர்

அந்த முகாமில் ஹவில்தார் சங்கரபாண்டியனுக்குத் தனி மதிப்பு. அச்சன்புதூரில் வயலும் உழவுமாக இருந்த குடும்பம். அண்ணன் ஊரில் விவசாயம் பார்த்தார். இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பர்மா எல்லையில் பக்கத்தில் குண்டு விழுந்து, இரண்டு காதிலும் ரத்தம் வழிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பல மாதம் கிடந்துவிட்டு இங்கே வந்தவர். நெடுநெடுவென்ற ஆள். அவர் ஒரு அறைக்குள் வந்தால் மற்றச் சிப்பாய்கள் தாமாகவே ஒழுங்காக உட்காருவார்கள்.

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. என் நோயாளிகள் நான் பேசும்போது கூரையைப் பார்ப்பார்கள், மருந்துப் புட்டியைப் பார்ப்பார்கள், வாசலில் கட்டிய மாட்டைப் பார்ப்பார்கள். இவர் ஒருவர்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார். மரியாதை என்றால் இதுவல்லவா மரியாதை என்று நான் பூரித்துப்போனேன்.

காதை நன்றாகவே பரிசோதித்தேன். சவ்வு கிழிந்த இடம் தழும்பாக மூடியிருந்தது. தட்டினால் அதிரும் இரும்புக் கவையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன், “தெரியுதுய்யா” என்றார். வராந்தாவில் அவரை நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் எண்களைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கொஞ்சம் யோசித்துத் திருப்பிச் சொன்னார். எதிரே வரிசையில் அடுத்தடுத்துக் காத்திருந்த சிப்பாய்கள் கூட ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத் தேறிட்டீரு” என்றேன்.

“அப்ப என்னைய எப்பய்யா அனுப்புவிய?” என்றார்.

எல்லாரும் வீட்டுக்கு எப்போது என்று கேட்கும் இடத்தில், இவர் போர்முனைக்கு எப்போது என்று கேட்டார். அடுத்த தடவை மேஜர் வரும்போது நானே பேசி அனுப்பிவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பாவும் தாசில்தாரும்

இங்கே அருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குற்றாலம் குளிக்கும் இடம் மட்டுமல்ல, வாயைத் திறக்கும் இடமும்கூட. வெளியில் சொல்ல முடியாததை அருவிக்குள் நின்று சொல்லிவிட்டு வருவார்கள். யாருக்கும் கேட்காது. என் தகப்பனார் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. மாதம் ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு வந்து, தண்ணீருக்குள் நின்று தாசில்தாரை வண்டி வண்டியாக ஏசுவார். வாய் அசைவது மட்டும் எனக்குத் தெரியும். வெளியே வரும்போது முகம் அப்படித் தெளிந்திருக்கும். ஸ்லோகம் சொல்கிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. முகாமில் இருந்த பலருக்கும் அது ஒட்டிக்கொண்டது. காலையில் சிப்பாய்களை அணியாகக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போவோம். உள்ளூரில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் காத்திருப்பார்கள். எண்ணெய் வழிய வழிய அருவிக்குள் நின்று, ஒருவர் சாப்பாட்டைத் திட்டுவார், ஒருவர் மேஜரைத் திட்டுவார், ஒருவர் பெயர் சொல்லி அழுவார். யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

சத்தமில்லாத தண்ணீர்

இனி சோப்புப் பெட்டிக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகமே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஹவில்தாருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அடிவயிற்றிலிருந்து “சங்கரபாண்டியா” என்று கத்தினேன். வார்த்தை புரியாவிட்டாலும் அந்தச் சத்தத்துக்குக் கோமதிநாயகம் திடுக்கிட்டுத் திரும்பினார். எண்ணெய்க்காரர் ஒருவரும் திரும்பினார். ஓரக்கண்ணால் பார்த்தால், ஹவில்தார் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பக்கம் திரும்பி, குரலே கொடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்தேன். “இன்னும் மழை வருமா?”

அவர் அண்ணாந்து மலையைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்துவிட்டு, வரும் என்று தலையாட்டினார். கூடவே ஏதோ சொன்னார். அதைப் பார்த்துத்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இடத்தில் காதுள்ள எவனும் கத்தாமல் பேச முடியாது. பேசவேண்டும் என்று நினைத்தாலே தொண்டை தானாக உயர்ந்துவிடும், அடக்கினாலும் அடங்காது. அவர் கழுத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. எதிர் இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மலையே உருண்டு வருவதுபோல எங்கள் தலையில் இரைந்துகொண்டிருந்த அருவி, அவர் வரையில் வெறும் தண்ணீர். அது சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இத்தனை நாள் என்னோடு பேசினார், மற்றவர்களுக்கு உத்தரவு போட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். ஒரு சொல்லும் காதில் விழாமலே! டாக்டரான எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோயில் கோபுரத்தை முதல்முதலாக அடியில் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைபோல அவரைப் பார்த்தேன்.

முகத்தைப் பார்த்தே வாழ்கிறவரிடம் முகத்தை மறைக்க முடியுமா? அவருக்குத் தெரிந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டிக் கரைக்கு நடந்தார்.

நாலு பேர்

அருவியை விட்டு விலகி, பேச்சு கேட்கும் தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கோமதிநாயகத்தைச் சுக்குக் காப்பி வாங்க அனுப்பிவிட்டேன்.

“எவ்வளவு நாளாவே?” என்றேன்.

“குண்டு விழுந்த அன்னைக்கே போயிட்டுய்யா. சுத்தமாக் கேக்காது. ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, முகம் மழிக்கிற கண்ணாடியை வச்சுக்கிட்டு எனக்கு நானே பேசிப் பழகுனேன். எந்தச் சொல்லுக்கு வாய் எப்படிப் போவுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பொறவு நர்சம்மாமாரு பேசுறதைப் பாத்தேன். தமிழு வந்துட்டு. இந்துஸ்தானி உத்தரவும் வந்துட்டு. மீசை வச்சவுக பேச்சுதான் வரமாட்டேங்கு.”

“வராந்தாவுல நான் பின்னால நின்னுல்லா நம்பர் சொன்னேன்?”

“எதுத்தாப்புல நின்ன பயலுவ உங்க கண்ணுல படாம விரலைக் காட்டுனானுவ.”

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத சேலத்தான், ராமநாதபுரத்தான், மலையாளத்தான் எல்லாரும் சேர்ந்து இவருக்குக் காதாக இருந்திருக்கிறார்கள். ஒருவனும் மூச்சு விடவில்லை.

“அருவியில நிக்கும்போது எல்லாரும் பேசுனதும் உமக்குத் தெரியுமா?”

“தெரியும்ய்யா.” சற்றுத் தயங்கினார். “உங்க கம்பவுண்டர் உங்களைத்தான் ஏசுவாரு. நான் யாருகிட்டயும் சொல்லல.”

அதற்குமேல் எனக்கு விளையாட்டு ஓடவில்லை. ஏன் இந்தக் காரியம் செய்தீர் என்று கேட்டேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாக வயலைப் பார்க்க வேண்டிய மனிதர், எதற்காக அந்தக் காட்டுக்குத் திரும்பத் துடிக்கிறீர் என்று கேட்டேன்.

“எங்க ஊர்ல இருந்து நாலு பயலுவளை நாந்தான்யா பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். லீவுல வந்திருந்தேன். என் உடுப்பைப் பாத்துட்டு நானும் வாரேன், நானும் வாரேன்னு கெளம்பிட்டானுவ. பெத்தவளுவ ஒருத்திக்கும் மனசில்ல. அம்மன் கோயில் வாசல்ல, ஒவ்வொருத்தியா மவன் கையைப் புடிச்சு என் கையில வச்சா. ‘உன்னை நம்பித்தாம்லே அனுப்புதேன்’னு சொன்னா. நாலு பேரும் அதே வார்த்தை. இப்ப அவனுவ அங்கன கெடக்கானுவ. நான் மட்டும் போயி அந்தத் தெருவுல எப்படிய்யா நடப்பேன்?”

அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்தச் சமனான குரலில் கேட்டது எனக்கு அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

“காதில்லாம அங்க போயி என்ன செய்வீரு?”

“கண்ணு இருக்குல்லா.”

“ராத்திரியில?”

“தோளைத் தொடச் சொல்லிக் குடுப்பேன். ஒரு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா படு. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்.”

யோசித்துத்தான் வைத்திருந்தார். நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அருவி ஈரத்தோடு எங்கள் மேல் சாரல் அடித்தது. அவரை அனுப்பினால் சாகப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும். அதைச் சொல்லி அவரை நிறுத்த முடியாது. பிறகு அவர் நன்றாகப் பார்க்கும்படி முகத்தை நேரே வைத்துக்கொண்டு சொன்னேன்.

“எதிரி சுடுதான்னு வச்சுக்கிடும். எல்லாரும் படுத்தாச்சு. நீரு மட்டும் நிக்கேரு. ‘படுங்கண்ணே’ன்னு உம்ம பய ஒருத்தன் பின்னால இருந்து கத்துதான். உமக்குக் கேக்காது. அவன் என்ன செய்வான்?”

அவர் கை தோளில் கிடந்த துண்டைப் பற்றியது.

“படுத்துக் கெடக்கவன் எந்திரிச்சு ஓடி வருவான், உம்ம தோளைத் தொடுததுக்கு.”

நான் பேசி முடித்த பிறகும் அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ மிச்சம் வரும் என்பதுபோல. கோமதிநாயகம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் போய்விட்டார். காப்பி ஆறும்வரை ஹவில்தார் அசையவில்லை.

“காது போயிட்டுன்னு எழுதிருங்கய்யா,” என்றார் கடைசியில். “ஆனா ஊருக்கு நான் தனியாப் போவமாட்டேன். நீங்க வரணும். உங்க காக்கிச் சட்டையோட வரணும்.”

மேஜரின் மீசை

மேஜர் துரை வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஹவில்தாரை முன்னால் நிறுத்தி இந்துஸ்தானியில் ஏதோ கேட்டார். மேஜருக்கு வாயை மூடும் மீசை. ஹவில்தார் அந்த மீசையை உற்றுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போர்முனையில் பயப்படாத மனிதர் பரீட்சையில் விடை தெரியாத பையன்போல நின்றார்.

துரை நாற்காலியை விட்டு எழுந்தார். மீசையை விரலால் மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி மெதுவாகக் கேட்டார். இவர் டக்கென்று பதில் சொன்னார். துரை அப்படியே மீசையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை இறக்கி, ஹவில்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தத் துரையை அருவியில் நின்று நான் நிறைய ஏசியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு ஏசவில்லை.

அச்சன்புதூரில்

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்களைத் தவிக்க விடுவது எனக்குப் பிடிக்காது. யுத்தம் முடிந்தபோது அந்த நாலு பேரில் மூன்று பேர் ஊருக்குத் திரும்பினார்கள். வராதவர் எந்தத் தாயின் பிள்ளை என்று இங்கே எழுதமாட்டேன். அவர்கள் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அச்சன்புதூருக்குப் போன நாளில் இது ஒன்றும் யாருக்கும் தெரியாது.

குதிரை வண்டியில் போனோம். இரண்டு பக்கமும் வயல், நடுவில் தென்னை. ஹவில்தார் வழியெல்லாம் வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேன். அந்தத் தாய்மாரிடம் என்ன சொல்வது என்று தென்காசியிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவர் மேல் தப்பில்லை, சர்க்கார் உத்தரவு, நான்தான் எழுதினேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

அம்மன் கோயில் முன்னால் வண்டி நின்றது. சேதி எப்படியோ முன்னாலேயே போயிருந்தது. களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. நாலு பெண்கள் முன்னால் நின்றார்கள். யார் யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஹவில்தாரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தார்கள், வேறு யாராவது இறங்குகிறார்களா என்று.

நான் தொண்டையைக் கனைத்தேன். ஹவில்தார் என்னை முந்திக்கொண்டார்.

“எனக்குக் காது போயிட்டு. உங்க பிள்ளையளை அங்கன விட்டுட்டு நான் வந்துட்டேன்.”

அந்தச் சமனான குரல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அவர்களில் மூவர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். என் மகனை எப்போது பார்த்தாய், காலில் புண் ஆறிவிட்டதா, சாப்பாடு கிடைக்கிறதா என்று எல்லாம் கலந்து வந்தது. ஹவில்தாரின் கண் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவியது. ஒருவரைப் பிடிப்பதற்குள் மற்றவர் பேச்சு போய்விட்டது. எத்தனையோ பேரை ஏமாற்றிய அந்தக் கண்கள் அங்கே திணறின.

நாலு பேரில் மூத்தவர் பேச்சியம்மாள். ஹவில்தாருக்குச் சித்தி முறை. அவர் மட்டும் அதுவரை வாயைத் திறக்கவில்லை. வேற்று ஆள் நான் நின்றதாலோ, அழுகையை அடக்கவோ, முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே ஒரு வார்த்தை சொன்னார்.

மற்ற மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஹவில்தாரும் பார்த்தார். சேலைத் துணி அசைந்ததுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. என் பக்கம் திரும்பினார்.

எனக்குக் கேட்டிருந்தது. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் வாயிலிருந்து அவர் தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை அல்ல என்று தோன்றியது. பேச்சியம்மாளைக் கையால் காட்டினேன்.

“சித்தி, வாயில இருக்க சேலையை எடுங்க,” என்றார் ஹவில்தார். “என்ன ஏசுனாலும் சரி. நான் பாத்துத் தெரிஞ்சுக்கிடணும்.”

பேச்சியம்மாளுக்கு அவர் கேட்டது புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு முந்தானையை இறக்கினார். சேற்றுக் கையோடு அவர் அருகில் வந்து, முகவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“சாப்பிட்டியான்னுதாம்லே கேட்டேன்.”

ஹவில்தார் இல்லையென்று தலையாட்டினார்.